உழவனைக் கேட்காமல் உத்தரவு போட்டால்?

கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் விவசாயிகளுக்கென்றே கூட்டம் நடக்கும். 'குறைதீர்க்கும் நாள்' என்று அதற்குப் பெயர்.

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயிகள் மனுவும் கையுமாக பஸ் ஏறி வருவார்கள்.

"வீராணத்தில் தண்ணீர் எப்போது திறப்பீர்கள்? நெல் மூட்டை மழையில் நனைகிறதே, எப்போது கொள்முதல் செய்வீர்கள்? வெள்ளத்தில் அழுகிய பயிருக்குப் பணம் எங்கே?"

கேள்விகள் பறக்கும். அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதெல்லாம் இந்தப் போகத்துக் கவலை. இருபது ஆண்டு கழித்து இந்த வயல் வயலாகவே இருக்குமா? அதை முடிவு செய்யும்போது உழவனை யார் கேட்கிறார்கள்?

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையைப் பாருங்கள்.

ஒரே நாளில் தடை!

2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்சே ஒரு வாக்குறுதி கொடுத்தார். பத்து ஆண்டுகளில் நாட்டையே இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவதாகச் சொன்னார். ஜனாதிபதியும் ஆனார்.

ஆனால் பத்து ஆண்டு பொறுக்கவில்லை. 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சி மருந்து இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டுவிட்டார்! கஜானாவில் அன்னியச் செலாவணி குறைந்ததும் ஒரு காரணம்.

இயற்கை உரம் நல்லதுதான். அது போதுமான அளவு எங்கே இருக்கிறது? இதை எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலையும் குறைந்தது. சொந்த அரிசியைச் சாப்பிட்டு வந்த நாடு வெளிநாட்டு அரிசிக்குக் கை நீட்டியது. விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். 2021 நவம்பரில் தடை நீங்கியது.

அதே நவம்பரில் நம் நாட்டிலும் ஒரு சர்க்கார் பின்வாங்கியது. 2020 செப்டம்பரில் கொண்டு வந்த மூன்று வேளாண் சட்டங்களை வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் மோடி அறிவித்தார். டெல்லி எல்லையில் விவசாயிகள் ஏறக்குறைய ஓர் ஆண்டு வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்திருந்த பிறகு!

மேலே நெல், கீழே எண்ணெய்

சிதம்பரம் பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை. கொள்ளிடத்தில் உள்ள கீழணையில் இருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. சோழர் வெட்டிய ஏரி அது. அதை நம்பி சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. போதாததற்கு, 2004 முதல் சென்னையின் தாகத்தையும் அது தணிக்கிறது.

இந்தக் காவிரிப் படுகை மண்ணுக்குக் கீழே எண்ணெய், எரிவாயு, பழுப்பு நிலக்கரி. அங்கேதான் வம்பு!

பெரிய சுரங்கம், ஆலை போன்ற திட்டங்கள் வந்தால் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு விதி இருக்கிறது. 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்த விதியைத் திருத்தியது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பதற்கு மக்களைக் கேட்க வேண்டியதில்லை என்றது.

டெல்டா கொதித்தது. பிப்ரவரி 9-ந் தேதி அன்றைய முதல்-மந்திரி எடப்பாடி பழனிசாமி, 'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்' என்று அறிவித்தார். 20-ந் தேதியே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய்க் கிணறு, தோல் ஆலை, தாமிர உருக்காலை எதுவும் அங்கே வரக்கூடாது. ஏற்கனவே இருப்பவை இருக்கலாம்.

கடலூர் ஜில்லாவில் இந்தக் காவல் கிடைத்தது ஐந்து வட்டாரங்களுக்கு மட்டுமே. காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை. பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் விருத்தாசலத்துக்கும் இல்லை. பதினொரே நாளில் பிறந்த சட்டம். கோட்டை எங்கே போடுவது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க நேரம் ஏது?

2023-ல் மறுபடியும் ஒரு திகில். நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியின் பெயர்! ஏப்ரல் 4-ந் தேதி அன்றைய முதல்-மந்திரி ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கே நாளில் அந்தப் பகுதியை நீக்குவதாக மத்திய மந்திரி அறிவித்தார்.

இடையில் ஒரு நல்ல பழக்கமும் வந்தது. 2021 ஆகஸ்டு 14-ந் தேதி தமிழ்நாட்டில் முதல் தடவையாக விவசாயத்துக்குத் தனி பட்ஜெட் போட்டார்கள். தாக்கல் செய்த மந்திரி எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் கடலூர் ஜில்லாக்காரர். அதற்கு முன் விவசாயிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளிலும் கேட்டார்கள். ஆனால் பட்ஜெட்டின் ஆயுள் ஓர் ஆண்டுதானே?

கூட்டத்தில் என்ன உரிமை?

புதிய திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால், 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். பேசத் தயங்குகிறவர்கள் எழுதியும் கொடுக்கலாம்.

சொன்னதை எல்லாம் பதிவு செய்வார்கள். ஆனால் சொன்னபடியே சர்க்கார் நடக்க வேண்டும் என்று விதி இல்லை!

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. கூட்டம் முடிவதற்குள், எழுதிய குறிப்பைத் தமிழிலேயே எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாம் சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டுப் பஸ் ஏறலாம்.