நீலியின் கண்ணீர்

"நீலிக் கண்ணீர் வடிக்காதே!" மேடையிலே, மன்றத்திலே, குழாயடிச் சண்டையிலே, எங்கும் கேட்கிற வசை இது. யார் அந்த நீலி? ஏன் அழுதாள்? வசைபாடும் வாய் இதைக் கேட்பதில்லை.

இன்று அந்த நீலியைத் தேடி ஒரு புதுப்படை புறப்பட்டிருக்கிறது. இளைஞர் படை! காமிரா இல்லை, விளக்கு இல்லை, அரங்கம் இல்லை. கணினி உண்டு, செயற்கை நுண்ணறிவு உண்டு. "இருண்ட காடு, வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள், படம் ஓடுகிறது! 2025 மே மாதத்திலே கூகுள் நிறுவனம் வெளியிட்ட வியோ 3 என்னும் பொறி, எட்டு விநாடிக் காட்சியைப் பேச்சோடும் ஓசையோடும் சேர்த்தே தந்தது. அப்படி நாற்பது துண்டுகளை ஒட்டினால் ஐந்து நிமிடத் திகில் படம் ஆயிற்று.

பொறியைக் கண்டு மிரளுவோர் அல்லோம் நாம். பணமூட்டை உள்ளவனுக்கே படம் என்றிருந்த நிலை தளர்ந்தால் மகிழத்தானே வேண்டும்! ஆனால், திரையிலே வந்து நிற்கும் நீலி யார்?

கோரைப்பல்! குருதி சொட்டும் வாய்! எந்த நாட்டுப் பேய் என்றே விளங்காத பேய். பொறி பார்த்துப் பழகிய படங்களிலே பெரும்பகுதி அயல்நாட்டுச் சரக்கு. அது கண்ட பேயைத்தானே அது காட்டும்? முதல் காட்சியிலே இடப்பக்கம் மின்னிய மூக்குத்தி, மூன்றாம் காட்சியிலே வலப்பக்கம் தாவிவிடுகிறது. ஊர்ப்பலகையிலே தமிழ் எழுத்து கைகால் முறிந்து கிடக்கிறது. போகட்டும், இவை நாளை திருந்தும். நாம் கவலைப்படுவது வேறொன்றுக்கு.

கதையைக் கேளுங்கள். சொல்வோருக்குச் சொல்வோர் மாறினாலும் தடம் ஒன்றுதான். ஊரிலே ஒருத்தி இருக்க, வடக்கே போனவன் இன்னொருத்தியை மணக்கிறான். அழைத்து வருகிற வழியிலே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூர்ப் பக்கம், அவளைக் கொன்று போடுகிறான். கொன்றவன் மறுபிறவியிலே வணிகனாக வருகிறான், கொலையுண்டவள் நீலியாக வருகிறாள் என்கிறது கதை. கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பிலே ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னே நின்று அழுகிறாள்: "இவன் என் கணவன், கைவிடப் பார்க்கிறான்." குழந்தை அவனை அப்பா என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நம்புகிறார்கள். அஞ்சி நடுங்குகிற வணிகனிடமிருந்து கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு" என்று வாக்களித்து, அவளோடு ஓர் அறையிலே அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாது தீயிலே இறங்குகிறார்கள்.

எத்தகைய வழக்கு பாருங்கள்! சான்று பொய், பிராது மெய்! அவள் கண்ணீருக்கு எழுபது பேர் கூடினார்களே, அவள் வெட்டுண்ட அன்று கூடியவர் எத்தனை பேர்? எழுபது பேரின் வாய்மையை நாடு போற்றியது. அவளுக்குக் கிடைத்ததோ ஒரு வசைச்சொல்!

பேய் உண்டா என்பீர்கள். இல்லை. பேய்க்கதை உண்டு. செத்தவளுக்காக வாய் திறக்க அஞ்சிய ஊர், பிறகு இரவிலே திண்ணையிலே தந்த வாக்குமூலம் அது. அந்தக் கொலையை வெட்டி எறிந்துவிட்டுக் கோரைப்பல்லை மட்டும் காட்டினால், கொன்றவன் தப்பிவிடுகிறான், இரண்டாம் முறை!

வீண் அச்சம் என்பாரா? 2013 இலே தனுஷ் நடித்து, இந்தியிலே 'ராஞ்சனா'வாகவும் தமிழிலே 'அம்பிகாபதி'யாகவும் வந்த படத்தை, 2025 ஆகஸ்டிலே நமது திரையரங்குகளிலே மறுபடி ஓட்டினார்கள். முடிவிலே சாகிற நாயகனை இந்தப் பொறியைக் கொண்டு பிழைக்க வைத்துவிட்டார்கள்! இயக்குநர் ஆனந்த் எல். ராய் கண்டித்தார், தனுஷும் கண்டித்தார், படம் ஓடியது. ஆக்கியவர்கள் உயிரோடிருக்கிற படத்துக்கே இந்தக் கதி. ஆக்கியவர் பெயரே தெரியாத பாட்டி கதைக்காக யார் கண்டிப்பது?

அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023 மே 2 ஆம் நாள் தொடங்கி 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொறியை எழுத்தாளன் என்று கணக்கிலே சேர்க்கக்கூடாது, அதைப் பயன்படுத்து என்று முதலாளி கட்டாயப்படுத்தக்கூடாது என ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. வில்லடித்தும் உடுக்கடித்தும் இந்தக் கதைகளைக் காத்துத் தந்தவர்களுக்காக, பேரம் பேசும் மேசையிலே யார் உட்காருவார்?

படம் எடுக்கப் போகிற தம்பி! அரக்கோணம் போகும் ரயிலேறித் திருவாலங்காட்டிலே இறங்கு. அந்தப் பக்கத்து மூதாட்டிகளிடம் கதையைக் கேள். நீலியின் குரலுக்கு ஒரு பெண்ணை அமர்த்து, கூலியைக் கொடு, பெயரைத் திரையிலே போடு. கதை பாடியவர் பெயரை அதற்கு முன்னே போடு. கொலைதான் முதல் காட்சி. ஒதுங்கி நின்று பார்த்த முகங்களும் அதிலே தெரியட்டும். கள்ளிக் கிளை குழந்தையாகிக் கண் விழிக்கிற காட்சி இருக்கிறதே, எந்தக் காமிராவுக்கும் எட்டாதது, அதைப் பொறியிடம் கொடு. எட்டு விநாடி போதும்.