டீத்தூளைக் கொதிக்க விடாதீங்க: லாட்டேவுக்கு மசாலா டீ சிரப் செய்வது எப்படி?

சுருளிப்பட்டி என்றாலே திராட்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் மசாலா டீக்கு வேண்டிய சரக்கும் பக்கத்திலேயே விளைகிறது. மேகமலையில் தேயிலை, கேரள எல்லையில் ஏலமலையில் ஏலக்காய். அந்த ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது. இவற்றை வைத்து சிரப் செய்துவிட்டால், காலை அவசரத்தில் சூடான பாலில் கலந்தால் போதும், லாட்டே ரெடி.

என்ன தேவை?

தண்ணீர் 2 கப், தோலோடு தட்டிய ஏலக்காய் 8, கிராம்பு 4, மிளகு 6, பட்டை ஒரு துண்டு, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, டீத்தூள் 4 டீஸ்பூன், சர்க்கரை.

எப்படிச் செய்வது?

டீத்தூள், சர்க்கரை தவிர மற்றதைச் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்க. அடுப்பை அணைத்து, டீத்தூள் போட்டு 5 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்க. எத்தனை கப் டிகாக்‌ஷனோ, அத்தனை கப் சர்க்கரை சேர்த்து, கரையும் வரை சூடாக்கினால் போதும்.

ஏன் இந்த வரிசை?

மசாலா மணம் இறங்க நேரம் எடுக்கும். டீத்தூளுக்குச் சில நிமிடமே போதும். கொதித்தால் டானின் அதிகம் இறங்கித் துவர்க்கும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது. கொதித்தால் அது செயலிழந்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

ஆறியதும் சுத்தமான, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்க. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நுரை, பூஞ்சை, புளிப்பு வாடை இருந்தால் கொட்டிவிடுங்க.

கவனிங்க: 2 டேபிள்ஸ்பூன் சிரப்பில் ஏறக்குறைய 4 டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு டேபிள்ஸ்பூனில் ஆரம்பிக்கலாம்.