கண்ணீர்ப் பையில் சீழ்! மூக்கு வழியாக ஆபரேஷன்

அழுதால் மூக்கும் ஒழுகுகிறதே, ஏன் தெரியுமா?

கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கிறது. மூக்கை ஒட்டிய கண் முனையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக இரண்டு சிறு துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே ஒரு சிறு பைக்குள் இறங்குகிறது. அதுதான் கண்ணீர்ப் பை. அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது.

அடைத்துக்கொண்டால்?

இந்தக் குழாய் சிலருக்கு அடைத்துக்கொள்ளும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கே இது அதிகம்.

முதலில் கண்ணில் ஓயாமல் நீர் வடியும். "தூசி விழுந்திருக்கும்" என்று முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். ஆனால், தேங்கிய நீரில் கிருமிகள் பெருகும். ஒருநாள் திடீரென்று மூக்கோரம் வீங்கும், சிவக்கும். தொட்டால் உயிர் போகிற வலி! பைக்குள் சீழ் பிடித்துவிட்டது.

சீழ் கண் குழிக்குள் பரவினால் பார்வையே போகலாம்.

பழைய முறை

1904-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு டாக்டர் டோட்டி ஒரு வழி சொன்னார். மூக்கோரத்தில் தோலைக் கீறி, எலும்பில் துவாரம் போட்டு, பைக்கும் மூக்குக்கும் புது வழி உண்டாக்கினார். அந்த முறை இன்றும் நல்ல பலன் தருகிறது.

ஆனால், சீழ் பிடித்திருக்கும்போது அந்த ஆபரேஷனைச் செய்யாமல் தள்ளிப்போடுவதே வழக்கம். முதலில் மருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் கீறிச் சீழை எடுப்பார்கள். சில வாரம் கழித்துத்தான் ஆபரேஷன். அதற்குள் மறுபடி சீழ் பிடிப்பதும் உண்டு.

காத்திருக்க வேண்டாம்!

எண்டாஸ்கோப் என்பது விளக்கும் லென்சும் உள்ள மெல்லிய கருவி. அதை மூக்குக்குள் விட்டு இதே ஆபரேஷனைச் செய்யும் முறையை, 1989-ம் ஆண்டில் மக்டொனோ, மெய்ரிங் என்ற இரு டாக்டர்கள் விவரித்தார்கள்.

இப்போது சில டாக்டர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தைத் தொடங்கி, சில நாட்களிலேயே மூக்கு வழியாக ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள். சீழ் மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. வலியும் வீக்கமும் சீக்கிரம் குறைகின்றன. முகத்தில் தழும்பு இல்லை. அடைப்புக்கும் அதே ஆபரேஷனில் வழி பிறக்கிறது.

எல்லோருக்கும் இது ஏற்றதா? இல்லை. சீழ் பிடித்த இடத்தில் ரத்தம் அதிகம் கசியும். கைதேர்ந்த டாக்டர் வேண்டும். போட்ட வழி சிலருக்கு மறுபடி மூடிக்கொள்ளவும் கூடும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

வீக்கத்தைப் பிதுக்கக் கூடாது. ஊசியால் குத்தக் கூடாது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது.

கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் பயம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அடைப்பு தானே திறந்துகொள்ளும். எப்படி நீவிவிடுவது என்று டாக்டர் காட்டுவார். ஆனால், மூக்கோரம் சிவந்து வீங்கினால் தாமதிக்கக் கூடாது.

பார்வை மங்கினாலும், கண் பிதுங்கினாலும், கண்ணை அசைக்க வலித்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.