நரகத்தை முழம் போட்டவர்கள்

சொர்க்கத்தின் வெப்பநிலை 525 டிகிரி செல்சியஸ். நரகம் அதைவிடக் குளிர்ச்சி. 445 டிகிரியைத் தாண்டாது. 1972-இல் ‘அப்ளைடு ஆப்டிக்ஸ்’ என்ற ஒளியியல் ஆய்விதழில் எழுதியவர் பெயரில்லாமல் வந்த சின்னக் குறிப்பு ஒன்றின் முடிவு இது. சிரிப்பதற்காக எழுதியதுதான். ஆனால் கணக்கில் எங்கும் ஏமாற்று இல்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

பைபிளில் ஏசாயா 30:26 சொல்வதிலிருந்து குறிப்பு தொடங்குகிறது: அந்நாளில் நிலவின் வெளிச்சம் சூரியனுடையதைப் போலாகும், சூரியனுடையது ஏழு மடங்காகி, ஏழு நாள் வெளிச்சம் சேர்ந்தாற்போல் இருக்கும். ஏழேழு 49, நிலவின் பங்கு 1. ஆக, பூமிக்கு வருவதைப்போல் 50 மடங்கு ஒளி. ஒரு பொருள், வாங்குகிற வெப்பமும் வெளிவிடுகிற வெப்பமும் சமமாகும்வரை சூடேறும். வெளிவிடும் வெப்பமோ வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும்; இது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதி. 50-இன் நான்காம் மூலம் ஏறக்குறைய 2.66. பூமியை 300 கெல்வின் என்று வைத்தால் சொர்க்கம் 798 கெல்வின், அதாவது 525 டிகிரி. நரகத்துக்கு வெளிப்படுத்தின விசேஷம் 21:8 சாட்சி: அங்கே கந்தகம் எரியும் கடல் இருக்கிறது. கடலாக இருக்கவேண்டுமானால் கந்தகம் ஆவியாகிவிடக் கூடாது. அதன் கொதிநிலை 444.6 டிகிரி. முடிந்தது வழக்கு.

முடியவில்லை. 1998-இல் ஹோர்ஹே மீரா, ஹோசே வின்யா என்ற இரு ஸ்பானிய இயற்பியலாளர்கள் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் மேல்முறையீடு செய்தார்கள். ‘ஏழு நாள் வெளிச்சம்’ என்பது ‘ஏழு மடங்கு’ என்பதற்கான விளக்கமே. இன்னொரு ஏழால் பெருக்கியது தவறு என்பது அவர்கள் வாதம். அப்படியானால் ஏழும் ஒன்றும் எட்டு மடங்குதான். சொர்க்கம் 231.5 டிகிரிக்கு இறங்கிவிட்டது. நரகத்துக்கும் ஒரு வக்கீல் எழலாம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். பூமிக்கடியில் ஆழத்தில் இருக்கிற கந்தகக் கடல் 445 டிகிரிக்கு மேலும் கடலாகவே இருக்க முடியும். சண்டை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். விதியை யாரும் தொடவில்லை. வசனத்தை எப்படி வாசிப்பது, எந்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லா வழக்கும். எடுகோள் மாறினால் விடை எவ்வளவு தூரம் நகரும் என்பதை ஒரு மாணவனுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டுக்கு மூத்தவர் கலிலியோ. 1588-இல், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞராக, புளோரன்ஸ் அகாடமியில் அவர் ஆற்றிய இரண்டு உரைகளின் பொருள் இத்தாலியக் கவிஞர் டான்டே வருணித்த நரகத்தின் வடிவமும் இடமும் அளவும். நரகம் ஒரு கூம்பு. முனை பூமியின் மையத்தில், வாய் எருசலேமை நடுவாகக் கொண்டது. வாயின் அகலம் பூமிச் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு என்பதால் கொள்ளளவும் ஆறில் ஒரு பங்கு என்று நினைத்துவிடத் தோன்றும். கலிலியோ கணக்குப் போட்டுக் காட்டினார்: பதினான்கில் ஒரு பங்குகூட வராது.

பிறகு சாத்தானாகிய லூசிபரின் உயரம். நரகத்து ராட்சதன் ஒருவனின் முகம் ரோமில் இருக்கும் வெண்கலப் பைன் காயளவு என்கிறார் டான்டே. அந்தக் காயின் உயரம் ஐந்தரை முழம். இது புளோரன்ஸ் முழம். நம் முழத்தைவிடச் சற்று நீளம், சுமார் 58 செ.மீ. உடல், முகத்தைப்போல் எட்டு மடங்கு. எனவே ராட்சதன் 44 முழம். மனிதன் 3 முழம். மனிதனுக்கு ராட்சதன் எப்படியோ, ராட்சதனுக்கு லூசிபரின் கை அப்படி. ஆகக் கை 645 முழம். கை உடலில் மூன்றில் ஒரு பங்கு. லூசிபர் 1,935 முழம், ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

நரகத்தின் கூரை இடிந்து விழாதா என்ற கேள்வியையும் அவர் விடவில்லை. சிறிய வளைவுக் கூரை ஒன்று நிற்பதைக் காட்டி, அதே விகிதத்தில் நரகத்தின் கூரையும் நிற்கும் என்றார். அடுத்த ஆண்டே பைசா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அந்தக் கூரைக் கணக்குத் தப்பு. அளவு பெருகும்போது எடை கனமாகப் பெருகும்; அதைத் தாங்கும் குறுக்குப் பரப்போ வர்க்கமாகத்தான் பெருகும். மனிதனைவிட 645 மடங்கு உயர்ந்த லூசிபரின் எலும்பில் ஒவ்வொரு சதுர அங்குலமும் நம் எலும்பைப்போல் 645 மடங்கு பாரம் சுமக்கவேண்டும். இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் கலிலியோதான். 1638-இல் லெய்டனில் அச்சான ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில், நீளம் மூன்று மடங்கானால் எலும்பு எவ்வளவு பருக்கவேண்டும் என்று படமே போட்டிருக்கிறார். நரக உரைகளையோ தம் வாழ்நாளில் அவர் அச்சிடவே இல்லை. தம் கூரை நிற்காது என்று அவருக்குப் பிறகு உறைத்திருக்கவேண்டும், புதிய அறிவியலின் விதையே அந்தத் தவறுதான் என்கிறார் அமெரிக்க இயற்பியலாளர் மார்க் பீட்டர்சன். அவர் சொல்வது சரியென்றே எனக்குப் படுகிறது. அத்தனை அக்கறையாக முழம் போட்ட ஒருவர், அந்தக் கூரையைப் பற்றி யோசிப்பதை அவ்வளவு சுலபத்தில் விட்டிருக்கமாட்டார்.