வனஸ்பதியும் வினைவேகமும்

திரவமாக இருக்கும் தாவர எண்ணெய் கெட்டியான வனஸ்பதியாக மாறுவது எப்படி? எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து, சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். நிக்கல் இவ்வினையில் செலவாவதில்லை, வினையை விரைவுபடுத்துகிறது. இத்தகைய பொருளையே வினையூக்கி என்கிறோம்.

நிக்கலின் இத்திறனை 1897-இல் பிரெஞ்சு அறிஞர்கள் சபாத்தியேயும் சாந்தெரானும் கண்டனர். எதிலீன் வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து நிக்கலின் மீது செலுத்த, ஈதேன் கிடைத்தது. ஆவி நிலையிலுள்ள பொருள்களுக்கே இம்முறை ஏற்றது எனச் சபாத்தியே கருதினார். ஆனால் 1901-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், திரவமான ஒலியிக் அமிலத்தையே கெட்டியாக்கிக் காட்டினார்!

இரண்டிலும் வினை நடக்கும் இடம் நிக்கலின் பரப்புதான். மூலக்கூறுகள் பரப்பை வந்தடைய வேண்டும். அதில் ஒட்ட வேண்டும். வினைபுரிந்து விலக வேண்டும். இவற்றுள் மிக மெதுவான படியே மொத்த வேகத்தை நிர்ணயிக்கிறது.

வாயுவில் மூலக்கூறுகள் தூரதூரமாக இருப்பதால் எளிதில் பரவுகின்றன. திரவத்திலோ திருவிழாக் கூட்டத்தில் நடப்பதுபோல் முட்டி மோதித்தான் நகர வேண்டும். அங்கே பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. போதாக்குறைக்கு, ஹைட்ரஜன் முதலில் எண்ணெயில் கரைய வேண்டும். அது கரைவதோ மிகக் குறைவு. பந்தியில் இலை போட்டாகிவிட்டது; பரிமாறுபவர்தான் வரவில்லை என்ற நிலை!

இதைச் சோதிப்பது எளிது. எண்ணெயைக் கலக்கும் துடுப்பை வேகமாகச் சுழற்றுங்கள். வினைவேகம் கூடினால், ஹைட்ரஜன் வந்து சேர்வதில்தான் தாமதம். கூடாவிட்டால், பரப்பில் நடக்கும் வினையே மெதுவானது என்று பொருள்.

இதில் நம் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. எண்ணெய் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் முதலில் ஒரு ஹைட்ரஜன் அணு சேர்கிறது. இரண்டாவது அணு கிடைக்காவிட்டால், ஒரு ஹைட்ரஜன் அணு பிரிந்து இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகலாம். அப்போது இயற்கையான வளைந்த 'சிஸ்' அமைப்புக்குப் பதில், நேரான 'டிரான்ஸ்' அமைப்பு தோன்றக்கூடும். பரப்பில் ஹைட்ரஜன் பற்றாக்குறை மிகும்போது டிரான்ஸ் கொழுப்பும் மிகுகிறது. இது இதய நோய்க்கு வழிவகுப்பது. எனவே இந்தியாவில் 2022 ஜனவரி முதல் சமையல் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

அழுத்தத்தைக் கூட்டி, நன்கு கலக்கினால் பற்றாக்குறை குறையும். ஒரு வினை எத்தனை வேகமானது என்று மட்டும் கேட்டால் போதாது; எந்தப் படியில் அது தயங்குகிறது என்றும் கேட்க வேண்டும்.