கபாலியின் கோட்டு, அப்போயின் பேச்சு

போன வாரம் ஹுத்தான் மெலிந்தாங் வீட்டில் 'கபாலி' (2016) மறுபடி ஓடியது. ரஜினி மீது குறையே இல்லை. மலேசியத் தமிழன் கோட்டு சூட்டோடு தலைநிமிர்ந்து நடந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நம் ஊர்ப் பையன்களாக வரும் தினேஷும் கலையரசனும் வாய் திறந்தால் சென்னைதான் கேட்கிறது. இங்கே நடிக்க ஆளா இல்லை?

மறுநாள் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) போட்டேன். 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நாம் சொல்லும் விதமே தலைப்பு! 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் இதுதான். அப்போயாக வரும் ஹர்விந்த் ராஜும் அப்பாவாக வரும் குபேன் மகாதேவனும் தோட்டம் விட்டு வந்த நம் குடும்பங்களின் தமிழையே பேசுகிறார்கள்.

"மாமா, இவன் நம்ம மாதிரியே பேசுறான் லா" என்றான் அக்காள் மகன். ரஜினிக்கு விசில் மட்டும்தான் அடித்திருந்தான்.