கண்ணுக்குள் பொங்கும் பானைகள்

தைப்பொங்கல் விடியலில் சேரன்மகாதேவித் தெருக்களில் வாசலுக்கு வாசல் அடுப்பு எரியும். களிமண்ணில் பிடித்துக் காயவைத்த பொங்கல் கட்டிகளின் மேல் இரண்டு பானை. ஒன்று பால் பொங்கலுக்கு, மற்றது சர்க்கரைப் பொங்கலுக்கு. அரிசி களைந்த நீரில் கொஞ்சம் பால் விட்டு, அடியில் பனையோலையைச் செருகிவிட்டு, எது முதலில் பொங்குகிறது என்று வீடே பார்த்து நிற்கும். இந்த வரியை வாசிக்கிற உங்கள் மண்டைக்குள்ளும் அப்படி ஒரு போட்டி நடக்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய 3 முறை.

கண் எழுத்துகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவித்தான் போகிறது. விழித்திரையின் நடுவே இருக்கும் சிறு குழி மட்டுமே எதையும் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு இடம்தான் அதற்குள் அடங்கும், மிச்சமெல்லாம் மங்கல். அதனால் பார்க்க வேண்டியதன் மேல் அந்தக் குழியைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பெரிய பாய்ச்சலில் கண் விநாடிக்கு 500 டிகிரி வேகத்தைத் தொடும். கிளம்பிய பிறகு நடுவழியில் அதைத் திருப்புவது மிகக் கடினம். எங்கே போவது என்பது கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும்.

ஓரத்தில் திடீரென ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் அதை நோக்கிக் கிளம்ப சுமார் 200 மில்லி விநாடி ஆகும். ஆனால் விழித்திரையிலிருந்து நடுமூளை வழியாகக் கண் தசைக்குச் செய்தி போய்ச் சேர 60 மில்லி விநாடியே போதும். மீதி எங்கே போயிற்று? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் கார்ப்பென்டர் பல்லாண்டு துருவிய கேள்வி இது. அவர் கண்ட விடை: மூளை வேண்டுமென்றேதான் காலம் தாழ்த்துகிறது. அந்த நேரத்தில்தான் அது யோசிக்கிறது.

எப்படி யோசிக்கிறது என்பதற்கு மறுபடி வாசலுக்கு வருவோம். கண் போகக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் மூளையில் ஒரு பானை. அந்த இடத்திலிருந்து வரும் காட்சித் தகவல்தான் தீ. எந்தப் பானையில் நுரை முதலில் விளிம்பைத் தொடுகிறதோ, கண் அந்தப் பக்கம் பாயும். விறகாக இருந்தால் தீ ஒரு சீராக நிற்கும். பனையோலை அப்படியில்லை, குபீரென்று பிடித்துச் சட்டென்று அமரும். நியூரான்களின் துடிப்பிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. ஒரே விளக்குக்கு ஒரே ஆளின் கண் ஒருமுறை சீக்கிரமும் மறுமுறை தாமதமாகவும் கிளம்புவது இதனால்தான். 1996-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக் ஹேன்ஸும் ஜெஃப்ரி ஷாலும் குரங்குகளின் முன்மூளையில், கண்ணசைவை நடத்தும் பகுதியில் இதை நேரடியாக அளந்தார்கள். கண் சீக்கிரம் கிளம்பினாலும் தாமதமாகக் கிளம்பினாலும், கிளம்பும் கணத்தில் நியூரான்களின் துடிப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. அந்த அளவுக்கு ஏறிய வேகம்தான் மாறியது.

இப்போது அவசரத்துக்கு வருவோம். சீக்கிரம் பொங்க வேண்டுமென்றால் பானையில் கழுத்தளவு ஊற்றிவிடலாம். ஆனால் அப்போது ஓலை ஒரு நொடி குபீரென்றாலே போதும், பின்தங்கியிருக்க வேண்டிய பானை முந்தி வழிந்துவிடும். குறைவாக ஊற்றினால் நேரமாகும். அதற்குள் தீயின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ள, உண்மையிலேயே நன்றாக எரிகிற அடுப்பே ஜெயிக்கும். வேகம் வேண்டுமா, பிழையில்லாமை வேண்டுமா என்பது நுரைக்கும் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோம் என்பதில் இருக்கிறது. 2000-இல் ரெட்டி என்ற ஆய்வாளரும் கார்ப்பென்டரும் அங்குமிங்கும் நகரும் புள்ளிக் கூட்டத்தைக் காட்டி, ஒருமுறை சீக்கிரமாகவும் ஒருமுறை நிதானமாகவும் முடிவெடுக்கச் சொன்னார்கள். வெறும் வாய்ச்சொல்லுக்கே அந்த இடைவெளி மாறியது போலத்தான் கிடைத்த கணக்கு இருந்தது.

இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் ரிச்சர்ட் ஹைட்ஸும் ஷாலும் குரங்குகளை அவசரத்துக்கும் நிதானத்துக்கும் தனித்தனியே பழக்கிப் பார்த்தார்கள். அவசரத்தின்போது காட்சி தெரிவதற்கு முன்பே நியூரான்களின் துடிப்பு உயர்ந்திருந்தது. கழுத்தளவு ஊற்றிய கதையேதான். ஆனால் கண் கிளம்பும் கணத்திலும் அவசரத்தில்தான் துடிப்பு அதிகமாக இருந்தது. விளிம்பு இறங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி. மூளை ஒரு திருகை மட்டும் திருப்புவதில்லை, பலவற்றைச் சேர்த்தே மாற்றுகிறது. நல்ல உவமைக்கும் அதன் எல்லை வரைதான் மரியாதை.

பொங்கி வருகிற பானையை அடக்குவது இன்னொரு வேலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது. திரையில் ஒரு புள்ளி தோன்றும். கண் கிளம்புவதற்குள் வேறோர் இடத்தில் இரண்டாவது புள்ளி. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பார்க்க வேண்டும். முதல் அடுப்பின் ஓலையை உருவியாக வேண்டும், மற்றதையும் மூட்டியாக வேண்டும். இரண்டாம் புள்ளி சீக்கிரம் வந்தால் தப்பிக்கலாம். பிந்தினால் முதல் பானை வழிந்திருக்கும். இதில் என்னை வியக்கவைப்பது அதற்கு அடுத்த கட்டம். தவறான இடத்துக்குப் போன கண் அங்கே நின்று வருந்துவதில்லை. தவறிய பாய்ச்சல் முடிவதற்கு முன்பே திருத்தப் பாய்ச்சலுக்கான அடுப்பு மூண்டுவிடுவதும் உண்டு.

கண் அவசரப்படத் துணிவது இதனால்தான் என்பது என் கணிப்பு. அதன் பிழைக்கு விலை மிகக் குறைவு, அடுத்த பாய்ச்சலில் சரியாகிவிடும். பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்தமடைக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே கருக்கல் நேரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் தீ மந்தம். அந்த 200 மில்லி விநாடி இன்னும் நீளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி வெறும் 200 மில்லி விநாடியிலேயே 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இது கண் திரும்புவதற்கு மட்டும் ஆகும் கணக்கு. எதிரே வருவது என்னவென்று புரிந்து பிரேக்கைப் பிடிப்பது அதற்கும் பிறகு. விளக்கில்லாத சைக்கிளும் வீடு திரும்பும் மாடுகளும் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான். இருட்டத் தொடங்கியதும் தயவுசெய்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.